சாவி இருந்த வீடு

— ஏழாவது அத்தியாயத்தை மட்டும் விட்டுடுங்க மேடம். ஆறு முடிஞ்சதும் நேரா எட்டுக்குப் போயிடுங்க. பிள்ளைங்க கவனிக்க மாட்டாங்க.

— கவனிக்க மாட்டாங்களா? ஏம்மா, போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துல ‘குதிரை வடக்க போச்சு’ன்னு படிச்சேன். முன்வரிசையில உக்காந்திருந்த ஒருத்தன் எழுந்து, ‘முன்னாடி தெக்க போச்சுன்னு எழுதியிருக்கீங்களே’ங்கறான். இந்த வயசுப் பிள்ளைங்க கவனிக்கலைன்னா உலகத்துல வேற யாரும் கவனிக்க மாட்டாங்க.

— அது சரிதான். முதல்ல தண்ணி குடிங்க. அய்யோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. ஹால்ல மைக் சரி பண்ணிட்டு இருக்காங்க. பிள்ளைங்க வரிசையா வந்து உக்கார இன்னும் நேரம் ஆகும்.

— தண்ணி இருக்கட்டும். ஏழாவது அத்தியாயம்தான் என் புத்தகமே. ஊருக்குள்ள காய்ச்சல் வந்துடக் கூடாதுன்னு கோட்டைக் கதவைப் பூட்டறாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஜனம், வெளிக்கரை ஜனம், மழையில வெளியிலயே நிக்கறாங்க. அதை விட்டுட்டு எதைப் படிக்கச் சொல்றீங்க? முன்னுரையையா?

— கோபப்படாதீங்க மேடம்.

— கோபம் இல்லம்மா, அலுப்பு. எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இப்படி ஓரமா கூட்டிட்டுப் போயி ஒண்ணு சொல்வாங்க. ஒரு நூலகத்துல, ‘கதையில யாரும் சாக வேண்டாம்’னாங்க. சரித்திரக் கதை எழுதறவகிட்ட வந்து சாவு வேண்டாம்னா நான் எங்க போவேன்? சொல்லுங்க, யார் சொல்லி விட்டது? தலைமையாசிரியரா?

— யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்.

— நீங்களா! என்னை இங்க கூப்பிட்டதே நீங்கதானே?

— கூப்பிட்டேன். உங்க புத்தகத்தை இந்த நூலகத்துக்கு வாங்கினதும் நான்தான். நான் என்ன சொல்றேன்னா... ஒரு பொண்ணு இருக்கா மேடம். ஆறாவது படிக்கறா. பெரிய வீட்டுப் பொண்ணு.

— பெரிய வீடுன்னா...

— அதேதான். கோட்டைக் கதவுக்கு நேர் எதிர்ல இருக்கே, அந்த வீடு. உங்க கதையில கதவைப் பூட்டச் சொல்லி உத்தரவு போடறாரே பெரிய வீட்டுக்காரர், அவரோட வம்சம்.

— ம்.

— வகுப்புல உங்க புத்தகத்தை டீச்சர் சத்தமா படிச்சுக் காட்டினாங்க. நல்லாதான் போயிட்டு இருந்துச்சு. எல்லாரும் அழுதாங்க. நானும் கதவோரமா நின்னு அழுதேன். ஏழாவது அத்தியாயம் முடிஞ்ச மறுநாள் எவனோ ஒருத்தன் அவளுக்குப் ‘பூட்டு’ன்னு பேர் வச்சுட்டான். அவ்வளவுதான், ஒட்டிக்கிச்சு. ‘பூட்டு வந்துட்டா.’ ‘பூட்டு பக்கத்துல உக்காராத, வெளியில தள்ளிடுவா.’ விளையாட்டுல சேத்துக்கறதில்ல. அவ உள்ள நுழைஞ்சா ரெண்டு பேர் ஓடிப்போயி கதவைப் பிடிச்சுட்டு நிப்பாங்க, அவ சாத்திடுவாளாம்.

— டீச்சர் கண்டிக்கலையா?

— கண்டிச்சாங்க. கண்டிச்சப்புறம் டீச்சர் இல்லாத நேரமா பாத்துச் சொல்றாங்க. இப்போ இடைவேளை விட்டா நேரா இங்க வந்துடறா. சாப்பாடும் இங்கதான். ‘நூலகத்துக்குள்ள சாப்பிடக் கூடாது’ன்னு பெருசா எழுதி ஒட்டினது நான். கண்டுக்காம இருக்கறதும் நான்.

— வீட்ல தெரியுமா?

— தெரிஞ்சு போச்சு. அவங்க அம்மா வந்து டி.சி. கேட்டுட்டுப் போயிருக்காங்க. வேற பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்களாம்.

— என் புத்தகத்தால.

— நான் அப்படிச் சொல்லல மேடம்.

— நீங்க சொல்லல, நான் சொல்றேன். இத்தனை வருஷமா ஊர் ஊரா போயி நான் என்ன பேசறேன் தெரியுமா? ‘பிள்ளைங்களுக்கு உண்மையைச் சொல்லுங்க, அவங்க தாங்குவாங்க.’ இதைச் சொன்னதும் எல்லாரும் கைதட்டுவாங்க. நானும் சிரிச்சுட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிடுவேன். தாங்காத பிள்ளை ஒண்ணு எங்கயாவது உக்காந்திருக்கும்னு நினைச்சதே இல்ல.

— அதனாலதான் இன்னைக்கு ஒரு நாள் மட்டும்...

— நான் தாங்கிட்டுதான் இருக்கேன்.

— அய்யோ! கண்ணு, நீ ஹாலுக்குப் போயிட்டேன்னு இல்ல நினைச்சேன்! வரைபட அலமாரிக்குப் பின்னாடியேவா இருந்தே?

— ஹாலுக்குப் போயி எங்க மிஸ் உக்காருவேன்? எந்த வரிசையில?

— வாம்மா. இங்க வந்து உக்காரு.

— வேண்டாம். நின்னுட்டே பேசறேன். நீங்கதானே இதை எழுதினது?

— நான்தான்.

— பின்னட்டைப் போட்டோவுல இன்னும் சின்ன வயசா இருக்கீங்க.

— அது பழைய போட்டோ. பதிப்பகத்துல மாத்த மறந்துட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன். நிஜம் என்னன்னா, அதுல நான் நல்லா இருக்கேன். அதனால மாத்தல.

— ஓ. அப்போ உங்ககிட்டக் கேட்டா நிஜம் சொல்வீங்க போல.

— கேட்டுப் பாரு.

— கதவைப் பூட்டினது நிஜமா?

— நிஜம்.

— பூட்டச் சொன்னது எங்க தாத்தாவோட தாத்தாவோட... எத்தனை தாத்தான்னு எனக்குச் சரியா வராது. அவர்தானா?

— அவர்தான். நகர மண்டபத்துல அந்த உத்தரவைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க.

— தெரியும். பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் பெட்டியைப் பாக்கறதை விட்டுட்டு என்னைப் பாத்தாங்க. வெளியில நின்னவங்க செத்தாங்களா?

— நிறையப் பேர்.

— சின்னப் பிள்ளைங்களுமா?

— ஆமா கண்ணு.

— கண்ணுன்னு சொல்லாதீங்க. மிஸ் மட்டும் சொல்லலாம். அப்புறம் கதவு திறந்துச்சே, அது?

— அதுவும் நிஜம். ஒரு ராத்திரி கதவு திறந்துச்சு. விடியறப்போ வெளியில உயிரோட இருந்த எல்லாரும் ஊருக்குள்ள வந்துட்டாங்க. கதவு மறுபடியும் பூட்டியிருந்துச்சு. யார் வீட்டுப் பரண்ல யார் ஒளிஞ்சிருக்காங்கன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் யாரையும் பிடிச்சு வெளியில தள்ள முடியல.

— திறந்தது காவல்காரரோட பொண்ணு.

— அது... நான் உண்டாக்கின பொண்ணு.

— நிஜத்துல அவ இல்லையா?

— இல்ல. உள்ளயிருந்து யாரோ திறந்தாங்க, அவ்வளவுதான் தெரியும். அது யாருன்னு தெரியாது. அதனால நானா ஒரு பொண்ணை வச்சேன்.

— குழந்தைங்க புத்தகம்கறதால குழந்தையா வச்சீங்க.

— ஆமா. அதனாலதான்.

— அதெப்படி? அப்போ நல்லவங்க எல்லாம் பொய், கெட்டவர் மட்டும் நிஜமா?

— இரு, இரு. இந்தக் கேள்வியை இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல.

— யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. எனக்குத் தேவைப்படுது.

— சொல்றேன். உத்தரவு போடறவங்க முத்திரை வச்சுத்தான் போடுவாங்க. தெரியணும்னே போடறது, அதனால மிஞ்சுது. ராத்திரியில ஒளிஞ்சு போயி கதவைத் திறக்கறவங்க தான் யாருன்னு தெரியவே கூடாதுன்னு பாப்பாங்க. தெரிஞ்சா தலை போயிடும். அவங்க ரொம்ப நல்லா ஒளிஞ்சுக்கிட்டாங்க. என்கிட்டகூட மாட்டல.

— நீங்க தேடினீங்களா, சும்மா எழுதிட்டீங்களா?

— தேடினேன். கதவைச் சுத்தி இருக்கற வீடு எல்லாத்துக்கும் போனேன். உங்க வீட்டுக்கும் வந்தேன். உங்க தாத்தா வாசலோட அனுப்பிட்டார்.

— தாத்தாவுக்கு யாரையும் பிடிக்காது. என்னைக் கொஞ்சம் பிடிக்கும். உங்க புத்தகத்தைக் கண்டபடி திட்டுவார். ஆனா ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைக் காணோம்னு வீடே தேடினோம். கடைசியில உங்க புத்தகத்துக்குள்ள இருந்துச்சு.

— எந்தப் பக்கத்துல?

— ஏழாவது அத்தியாயம்தான்.

— ம்... இங்க பாரு. உனக்கு வேண்டாம்னா இன்னைக்கு நான் அதைப் படிக்கல. மிஸ் சொன்ன மாதிரி விட்டுடறேன். அடுத்த பதிப்புல ‘பெரிய வீடு’ங்கறதையே எடுத்துட்டு, ‘ஊர்ப் பெரியவர்கள்’னு பொதுவா போட்டுடறேன். என்ன சொல்றே?

— அப்போ யார் பூட்டினது? கதவு தானா பூட்டிக்கிச்சா?

— இல்ல...

— வெளியில நின்னவங்க செத்தது நிஜம்னு இப்போதானே சொன்னீங்க. அவங்களை யாரும் ஒண்ணும் பண்ணலைன்னு எழுதுவீங்களா? அதெல்லாம் வேண்டாம். மாத்தினா, நான் அழுது மாத்த வச்சேன்னு வேற சொல்வாங்க.

— அய்யோ, இதுக்கு வந்த வாயைப் பாருங்க மேடம். வகுப்புல இவ வாயே திறக்க மாட்டான்னு டீச்சர் சொல்றாங்க.

— வகுப்புல திறந்தேன் மிஸ், ஒரு தடவை. ‘அப்போ நான் பொறக்கவே இல்லையே, என்னை ஏன்டா சொல்றீங்க’ன்னு கேட்டேன். அதுக்கு அவன், ‘பொறந்திருந்தா நீயும்தான் பூட்டியிருப்ப’ன்னான். அதுக்கு எனக்குப் பதில் வரல. அதுலேர்ந்துதான் பேசல.

— அதான் உன்னைக் குடையுதா?

— நான் பூட்டியிருப்பேனா மேடம்?

— தெரியாதும்மா.

— தெரியாதா?

— உன்னைத் தெரிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகுது. என்னைத் தெரிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, எனக்கே தெரியல. ஒவ்வொரு புத்தகம் எழுதறப்பவும் கேட்டுக்குவேன். உள்ள என் பிள்ளைங்க தூங்கறாங்க, வெளியில காய்ச்சல். நான் என்ன பண்ணியிருப்பேன்? நல்லது பண்ணியிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை. ஆசைதான்.

— நீங்களாவது ‘சேச்சே, நீயெல்லாம் பூட்ட மாட்டே’ன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன். அம்மா அப்படித்தான் சொன்னாங்க.

— சொன்னா நம்பியிருப்பியா?

— இல்ல.

— உங்க தாத்தா மட்டும் என்னை உள்ள விட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்.

— உள்ள என்ன இருக்கு? பழைய நாற்காலி, ஓடாத கடிகாரம், அந்தச் சாவி.

— என்ன சாவி?

— கதவுச் சாவிதான். கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கு.

— கோட்டைக் கதவுச் சாவியா! அது எப்பவோ தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே!

— தாத்தாதான் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்வார். இருக்குன்னு தெரிஞ்சா நகர மண்டபத்துல கேப்பாங்களாம். அதுல அவருக்கு அவ்ளோ பெருமை. ‘செஞ்ச நாள்லேர்ந்து இந்தச் சாவி ஒரு ராத்திரிகூட இந்த வீட்டை விட்டு வெளியில தங்கினதில்ல’ன்னு யார் வந்தாலும்... இல்ல, யாரும் வர மாட்டாங்க, என்கிட்டயே திரும்பத் திரும்பச் சொல்வார். காலையில வந்து வாங்கிட்டுப் போவாங்களாம், பொழுது சாஞ்சதும் கொண்டு வந்து குடுத்துடணுமாம்.

— ஒரு நிமிஷம். யார் வந்து வாங்கிட்டுப் போவாங்க?

— காவல்காரர்தான்.

— அப்போ ராத்திரியில சாவி அவர்கிட்ட இருக்காதா?

— இருக்காதே. அதையே உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். உங்க கதையில அந்தப் பொண்ணு அவங்க அப்பா இடுப்புலேர்ந்து சாவியை எடுக்கறா. இடுப்புல எப்படி மாட்டுவார்? என் கை நீளம் இருக்கு அது. மாட்டினா உடுத்தியிருக்கற துணியோட கீழ விழுந்துடும்.

— அட... நான் எங்க வீட்டுப் பீரோ சாவியை மனசுல வச்சுட்டு எழுதியிருக்கேன்.

— மேடம், ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேனைக் கூட்டட்டுமா?

— இருங்கம்மா. இந்தா பாரு, இன்னொரு சாவி இருந்திருக்குமா? வேற யார்கிட்டயாவது?

— ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது செய்யக் கூடாதுன்னு கொல்லர்கிட்டச் சத்தியம் வாங்கினாங்கன்னு தாத்தா சொல்வார்.

— பூட்டை உடைச்சிருந்தா?

— உடைக்கல. கதவுல இன்னும் அதே பூட்டுதான். வருஷா வருஷம் தாத்தா அதுக்கு எண்ணெய் விடுவார். நான் டார்ச் அடிப்பேன். இப்போகூட அந்தச் சாவியைப் போட்டுத் திருகினா திறக்கும்.

— அப்போ அந்த ராத்திரி கதவைத் திறந்த சாவி...

— எங்க கூடத்துல மாட்டியிருந்துச்சு.

— அதைக் கழட்டினவங்க?

— எங்க வீட்டுக்குள்ள இருந்தவங்க. மேடம்! எங்க வீட்டுக்குள்ள இருந்தவங்கதான்!

— மெதுவா, மெதுவா. உக்காரு முதல்ல.

— உக்கார மாட்டேன்! மிஸ், கேட்டீங்களா? எங்க வீட்லேர்ந்துதான் மிஸ்!

— கேட்டுட்டுதான் இருக்கேன் கண்ணு.

— இதை இப்பவே போயி அவன்கிட்ட...

— நில்லு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் கசக்கும். இப்படி நடந்திருக்கலாம். நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

— அதெப்படி? சாவி ஒண்ணுதானே!

— தாத்தா சொல்றது சரியா இருந்தா. கொல்லர் சத்தியத்தைக் காப்பாத்தியிருந்தா. அன்னைக்கு மட்டும் காவல்காரர் சாவியைத் திருப்பிக் குடுக்க மறக்காம இருந்திருந்தா. எத்தனை ‘இருந்தா’ வருது பாரு.

— ம்.

— கோபமா?

— யோசிக்கறேன். நீங்க சொல்லாத ஒண்ணு இன்னும் இருக்கு.

— என்ன?

— அந்தக் காலத்துல வேலை செய்யறவங்களும் எங்க வீட்லயே தங்குவாங்க. சமைக்கறவங்க, குதிரை பாத்துக்கறவங்க. பின்கட்டுல அவங்க படுக்கற அறை வரிசையா இப்பவும் இருக்கு. அவங்கள்ல யாராவது எடுத்திருக்கலாம். அப்போ எங்க குடும்பம்னு சொல்ல முடியாது.

— நீ இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். எனக்குத் தோணியே இருக்காது.

— நிஜம் எதுன்னு கேட்டது நான்தானே. நானே மறைச்சா?

— சரிதான்.

— பரவால்ல மேடம். குடும்பமோ, சமைக்கறவங்களோ, எங்க வீட்டுக்குள்ள ஒருத்தர் இருந்திருக்காங்க இல்ல? வெளியில அழற சத்தத்தைக் கேட்டுட்டே படுத்திருந்து, தூக்கம் வராம எழுந்த ஒருத்தர். நான் தினமும் தூங்கற அதே வீட்ல. அது போதும் எனக்கு.

— வெளியில அழறது அந்த வீட்டுக்குள்ள வரைக்குமா கேக்கும்?

— கேக்காம? இப்போகூட கதவுக்கு வெளியில யாராவது சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டா என் அறையில டக்குன்னு கேக்கும்.

— இது எனக்குத் தோணல பாரு. அந்த வீட்ல இருந்தவங்க எல்லாரும் ராத்திரி முழுக்க அதைக் கேட்டுட்டு இருந்திருப்பாங்கன்னு தோணவே இல்ல. கதவுக்கு வெளியிலதான் மழையில நின்னு நின்னு எழுதினேன். உள்ள போகல.

— உங்க கதையில எங்க வீட்ல அவர் மட்டும்தான் இருக்கார். பொண்டாட்டி இல்ல, பிள்ளைங்க இல்ல. அவருக்குச் சோறு யார் போட்டாங்கன்னுகூட இல்ல. ஒரு வீட்ல எல்லாரும் ஒரே மாதிரியா இருப்பாங்க? என் டி.சி.க்கே எங்க வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்பா வாங்கலாம்கறார், அத்தை வேண்டாம்கறாங்க, தாத்தா பள்ளிக்கூடத்தையே மூடணும்கறார்.

— நீ என்ன சொன்னே?

— என்னை யாரும் கேக்கல.

— நான் கேக்கறேன்.

— எனக்குப் போக வேண்டாம். அங்க இந்த மிஸ் இருக்க மாட்டாங்களே. அலமாரிக்குப் பின்னாடி சாப்பிட விடுவாங்களான்னும் தெரியாது.

— மேடம், மைக் சரியாயிடுச்சாம். வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

— வர்றேன்மா. ஏழாவது அத்தியாயத்தைத்தான் படிக்கப் போறேன்.

— மேடம்...

— இடுப்புலேர்ந்து சாவியை எடுக்கற இடம் வரைக்கும் படிப்பேன். அங்க நிறுத்திட்டு, ‘இந்த இடம் தப்பு, உங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க’ன்னு சொல்வேன்.

— அவ்வளவு பிள்ளைங்க, அத்தனை டீச்சருங்க முன்னாடியா? விருது வாங்கின புத்தகம் மேடம்!

— விருது குடுத்தவங்களும் அந்தச் சாவியைப் பாத்ததில்ல. பாத்திருந்தா எனக்கு ஏன் குடுக்கப் போறாங்க?

— என் பேரைச் சொல்வீங்களா?

— சொல்லுன்னா சொல்றேன், வேண்டாம்னா மாட்டேன். நீயே மேடைக்கு வந்து சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

— சிரிப்பாங்க. பூட்டு தப்பிச்சுக்கறதுக்குக் கதை விடறான்னு சொல்வாங்க.

— சொல்லலாம். சொல்ல மாட்டாங்கன்னு நான் எப்படி வாக்குக் குடுக்கறது?

— இந்த இடத்துல பெரியவங்க எல்லாம் ‘ஒண்ணும் ஆகாதும்மா’ன்னு சொல்வாங்க.

— எனக்கும் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

— வந்தா, வேலை செஞ்சவங்களைப் பத்தியும் சொல்வேன். அதை விட்டுட்டா நானும் கதை விடற மாதிரிதான்.

— அதைச் சொன்னாதான் உன் பேச்சையே நம்புவாங்க.

— ஆனா ஒண்ணு. திறந்தது கண்டிப்பா பெரிய ஆள்தான் மேடம். அந்தச் சாவி அவ்ளோ கனம். நான் ஒரு தடவை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கணும். தாத்தா பாத்துட்டு வீடே அதிரக் கத்தினார். அதனால உங்க சின்னப் பொண்ணு கிடையவே கிடையாது. கோவிச்சுக்காதீங்க.

— கோவிச்சுக்கல. அவளை வேற ஏதாவது கதையில கொண்டு போயி வச்சுக்கறேன்.

— மிஸ், நீங்க என்ன நினைக்கறீங்க? மிஸ்? ஏன் அழறீங்க?

— அழல. தூசி விழுந்துடுச்சு.

— இங்க தூசியே கிடையாது மிஸ். தினமும் நீங்கதானே துடைக்கறீங்க.

— என்னம்மா, என்ன ஆச்சு?

— ஒண்ணும் இல்ல மேடம். நான் என்ன சொல்றேன்னா... நீங்க இந்தக் கதைக்காக விசாரிக்க வந்தப்போ, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படகுக்காரரைப் பாத்துப் பேசினீங்களே, ஞாபகம் இருக்கா?

— நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

— அவர் எங்கப்பா.

— என்னது!

— மிஸ்... நீங்க வெளிக்கரையா?

— ஆமா கண்ணு. மழையில வெளியில நின்னாங்களே, அவங்கதான் எங்க ஆளுங்க. இந்த ஊர்ல இப்பவும் அதைச் சொன்னா வாடகைக்கு வீடு கிடைக்காது. அதனால சொல்லிக்கறதில்ல.

— அப்போ... எங்க வீட்டு மேல உங்களுக்குக் கோபம் இல்லையா? என் மேல?

— அந்தப் பெரிய வீட்டுக்காரர் மேல இருக்கு, நிறையவே இருக்கு. உன் மேல என்ன இருக்கு? பூகோளப் புத்தகத்தை எல்லாம் தலைகீழா அடுக்கி வைக்கறே, அது ஒண்ணுதான்.

— ஏம்மா, அன்னைக்கு உங்கப்பாகிட்ட நான் எப்படியெல்லாம் கேட்டேன்! அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— எப்படிச் செத்தாங்கன்னு கேட்டீங்க மேடம். எங்க புதைச்சாங்கன்னு கேட்டீங்க. கேட்டதுக்கு அவர் பதில் சொன்னார். எப்படி உள்ள வந்தாங்கன்னு நீங்க கேக்கல.

— கேக்கலையா... ஆமா. கேக்கல.

— கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்னவோ. அது எங்க வீட்டுக்குள்ள மட்டும் பேசிக்கறது. திறந்தவங்களைக் காட்டிக் குடுத்துடக் கூடாதுன்னு அப்போ வாயைக் கட்டினாங்க. அது அப்படியே பழகிப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் வெளி ஆள் யாருக்கும் சொன்னதில்ல.

— மிஸ், அப்போ உங்களுக்கு அது யாருன்னு தெரியுமா?

— முகம் தெரியாது கண்ணு. மழை, கும்மிருட்டு. கதவு ஒரு ஆள் ஒடுங்கி நுழையற அளவுக்குத்தான் திறந்துச்சாம். உள்ளயிருந்து ஒரு கை நீண்டுச்சாம். பேச்சுக் கிடையாது, சத்தம் கிடையாது. அந்தக் கைதான் ஒவ்வொருத்தரையா தொட்டு, பிடிச்சு, உள்ள கூட்டிட்டுப் போச்சாம்.

— யார் கை மிஸ்? ஆம்பளைக் கையா, பொம்பளைக் கையா?

— அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையா விடாம சொல்லிட்டு வர்றது ஒண்ணே ஒண்ணுதான்... வா, உன் கையைக் குடு, ஹாலுக்கு நானும் வர்றேன்... ரொம்பச் சின்னக் கையாம் கண்ணு. இதோ, இவ்வளவுதான் இருந்துச்சாம்.